மடை, கசம், கலுங்கு: மதுரையைச் சுற்றி ஐந்து நாள் தூண்டில்

முதல் நாள், வெள்ளி: மதுரையில் சாமான் கட்டுதல்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் கரையை விட்டு இறங்கத் தொடங்கும். கார்த்திகையில் கரைக்கல்லைத் தொட்டு நின்ற தண்ணீர் இப்போது நூறடி உள்ளே போயிருக்கும். தண்ணீர் சுருங்கிவிட்டதால் மீன் ஒதுங்கும் இடமும் குறைந்திருக்கும், தேடுவது சுலபம். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் மேல்தண்ணீர் சூடேறிவிடும், சாயங்காலம் நாலரை வரை தூண்டிலின் மிதவையான தக்கை அசையாது. அதனால் இந்த ஐந்து நாளும் விடியலில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்றே கணக்கு. வழி: சோழவந்தான் பக்கம் தென்கரைக் கண்மாய், பாலமேட்டுக்கு அருகே சாத்தையாறு, பிறகு வைகை அணை, கடைசியாக மேலூர்ப் பக்கம்.

தூண்டிலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இங்கே ஏறக்குறைய எல்லாக் கண்மாய்க்கும் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமைக் குத்தகை, உண்டு. குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் ஓடும், வருவாய்க் கணக்காண்டான பசலி ஜூலை 1-இல் தொடங்கும். ஏலம் எடுத்தவர் மழைக்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைக் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். பங்குனி, சித்திரையில்தான் அவருக்கு அறுவடை. அந்த நேரத்தில் கேட்காமல் கரையில் உட்கார்ந்தால் சண்டைதான் வரும். "அண்ணே, ஒத்தத் தூண்டில்தான். ஜிலேபி, விரால் மட்டும். கெண்டை மாட்டுனா விட்டுருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அடுத்த கண்மாய்க்கு நடக்க வேண்டியது. ஆள் யாரென்று தெரியாவிட்டால் கரையோர டீக்கடையில் கேட்டால் போதும்.

சாமான் இரண்டு செட். முதலாவது மூங்கில் கம்பு, 10 முதல் 12 அடி, நுனி சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவாக. நரம்பு, அதாவது தூண்டில் இழை, கம்பின் நீளத்தைவிட அரை அடி குறைவாக இருந்தால் மீன் நேராகக் கைக்கு வரும். ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) 0.25 மி.மீ. தங்கூஸ், அதாவது நைலான் நரம்பு, போதும். முள் 8-ஆம் எண், பொடிக் கெண்டைக்கு 12. முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அதுவே 1/0, 2/0 என்று போனால் தலைகீழ், பெரிதாகிக்கொண்டே போகும். விராலுக்கு என்று 10-ஆம் எண் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டை மிஞ்ச ஒன்றும் இல்லை, மூன்று அங்குலம் இருந்தால் போதும். அதை நரம்பில் கட்டக்கூடாது. சைக்கிள் வால்வு ட்யூபை அரை அங்குலத் துண்டுகளாக இரண்டு வெட்டி, நரம்பில் கோத்து, தண்டின் இரு முனையிலும் மாட்டினால் ஆழத்துக்குத் தகுந்தபடி மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். ஈயத்தை முள்ளுக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி நசுக்கிவிடவும். ஈயம் சரியாக இருந்தால் தண்டு நிமிர்ந்து நின்று ஒரு அங்குலம்தான் வெளியே தெரியும். இரண்டு அங்குலம் தெரிகிறது என்றால் ஈயம் போதாது. ஜிலேபி இரையை உறிஞ்சும்போது அந்தக் கூடுதல் மிதப்பை உணர்ந்து துப்பிவிடும். "கொத்துது, மாட்ட மாட்டேங்குது" என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான்.

முடிச்சு: நரம்பை முள்ளின் கண்ணில் இரண்டு தடவை நுழைத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு வெந்து, முடிச்சு ஓரத்தில் சுருண்டு வெளுத்திருக்கும். அந்த இடத்தில்தான் பிறகு அறும். போன வருஷம் சுற்றி வெயில்படும் ஜன்னலில் வைத்த நரம்பையும் நம்பக்கூடாது. இரண்டு கையாலும் சுண்டிப் பார்த்து, நூல்போல் பொட்டென்று போனால் தூக்கி எறியவும். கண்மாயில் எறிய வேண்டாம், கொக்குக் காலில் சுற்றும்.

இரண்டாவது செட் ரீல் உள்ளது. ஏழடிக் கம்பு, விராலுக்கு 30 பவுண்டு பின்னல் நரம்பு, அணைக் கெண்டைக்கு 0.35 மி.மீ. தங்கூஸ். அதைப் பற்றி அந்தந்த இடத்தில்.

சாயங்காலம் மண்புழு. வாழைத்தோட்டத்துப் பாத்தி ஓரம், மாட்டுத்தொழு கழிவுநீர் போகிற இடம். பழைய மண்சட்டியில் ஈரமண்ணும் காய்ந்த இலையும் போட்டு, ஈரத்துணியால் மூடி வைத்தால் மூன்று நாள் தாங்கும். பிளாஸ்டிக் டப்பாவை மூடி பைக் பெட்டிக்குள் வைத்தால் மதியத்துக்குள் கூழாகி நாறும்.

இரண்டாம் நாள், சனி: தென்கரைக் கண்மாய்

ஐந்தரைக்கெல்லாம் கரை. சோழவந்தானில் வைகையைத் தாண்டினால் தென்கரை. இருபுறமும் தென்னை, இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். கரைமேல் ஏறியதும் தூண்டிலைப் பிரிக்காமல் பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்ப்பது நல்லது. கண்மாய் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் பரந்த தண்ணீராகத் தெரிந்தாலும், கட்டியவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே உடற்கூறைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் மீன் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை.

தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நுழைகிற பக்கம் உள்வாய். அங்கே ஆழம் குறைவு, புல்லும் கோரையும் நிற்கும். கரையை ஒட்டி ஆழம் கூடும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் தண்ணீர் அரித்தும் தூர்வாரியும் உண்டான பள்ளம் கசம். வெயில் ஏற ஏற பெரிய மீன் அங்கேதான் இறங்கும். மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு பக்கத்தில் கல் அடுக்கு இருப்பதால் உளுவை, ஆரால், கெளுத்தி ஒளிய இடம் உண்டு. நடுவே நிற்கும் கருவேல மரங்களின் வேரடி நிழல் விராலுக்கும் கெளுத்திக்கும் வீடு மாதிரி. ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் அதன் விளிம்பு.

இந்த உடற்கூறில் இல்லாத ஒன்று கரம்பைக் குழி. வயலுக்கும் சூளைக்கும் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நின்றபின் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி பத்தடிப் பள்ளமாக இருக்கும், ஓரமும் செங்குத்தாக வழுக்கும். கோடையில் கண்மாயில் மூழ்கும் சாவுகளில் இந்தக் குழிக்குப் பெரிய பங்கு உண்டு. முள் சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு வேறு முள் கட்டுங்கள், எடுக்க இறங்காதீர்கள்.

ஜிலேபி முதலில். உள்வாய் ஓரம் இரண்டடித் தண்ணீரில் சோற்றுத்தட்டு அளவு வட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தால் அவை ஜிலேபி கட்டிய கூடு. ஆண் மீன் அங்கே காவல் நிற்கும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அந்த நாட்களில் இரை எடுக்காது. கூட்டருகே மாட்டுவது பெரும்பாலும் கறுத்த ஆண்தான். மண்புழுவை முழுதாகத் தொங்கவிட வேண்டாம், ஒரு அங்குலம் கிள்ளி முள் நுனி மறையும்படி ஏற்றினால் போதும். தொங்கும் வாலைக் கடித்துக்கொண்டு போவது பொடிக் கெண்டை. பரோட்டா மாவை மிளகளவு உருட்டியும் போடலாம். தக்கை குத்தலாக இரண்டு துள்ளல் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகரும்போது சுண்ட வேண்டும். தக்கை முழுவதும் மூழ்கும்வரை காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போயிருக்கும்.

விராலுக்கு வேறு புத்தி வேண்டும். அது செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை, காற்றுக்காகத் தண்ணீர் மேலே வந்தே ஆக வேண்டும். அமைதியான காலையில் தாமரை இலை இடுக்கில் 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் வளையமும் வந்தால் அது விரால். சத்தம் கேட்ட இடத்தின் தலையிலேயே ரப்பர் தவளையைப் போட்டால் பயந்து ஓடிவிடும். ஐந்தாறு அடி தாண்டிப் போட்டு, அந்த வழியாக இழுத்துவர வேண்டும். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில்தான் அடிக்கும்.

அடித்தவுடன் சுண்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. விரால் தவளையை முதலில் அறைந்து கவ்வும், பிறகுதான் வாய்க்குள் திருப்பும். தண்ணீர் வெடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பில் கனம் தெரிந்தபின் முழுக்கையையும் பின்னால் இழுக்கவும். வாய் எலும்பு கட்டி, அரைமனசாகச் சுண்டினால் முள் ஏறாது. புதுத் தவளையில் முள் நுனிகள் ரப்பரோடு ஒட்டிப் புதைந்திருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றையும் நூலிழை அளவு மேலே நிமிர்த்திவிட்டால் பாதிப் பிழை குறையும். மாட்டியபின் கொடுத்து வாங்கும் வேலை கூடாது. ஒரு முறை வேருக்குள் புகுந்தால் நரம்பும் போச்சு, மீனும் போச்சு. அதற்குத்தான் பின்னல் நரம்பு. உயிர்த்தவளை போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தேவையே இல்லை.

ஒன்று மட்டும் விட்டுவிட வேண்டும். தண்ணீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒரு தட்டகலத்துக்குக் கொதிப்பதுபோல் தெரிந்தால் தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் அடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் தீனி.

ஒன்பதரைக்கு மேல் காற்று நின்றுவிட்டது. பச்சைப் பாசி கலந்த தண்ணீரில் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்தால் அது பசியென்று நினைக்க வேண்டாம். இரவெல்லாம் பாசி உயிர்வாயுவைக் குடித்துத் தீர்த்திருக்கிறது, மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. அப்படி மிதக்கும் காலையில் எந்த இரையும் எடுபடாது. கோடை மழை ஒன்று அடித்தால் மறுநாள் அந்தக் கண்மாயில் மீன் செத்து மிதக்கவும் கூடும். அந்த மீன் குழம்புக்கு ஆகாது.

மூன்றாம் நாள், ஞாயிறு: சாத்தையாறு

சிறுமலை அடிவாரத்தில், பாலமேட்டுக்கு அருகில் உள்ள சிறிய அணை. மொத்தக் கொள்ளளவு மட்டம் 29 அடிதான். சிறுமலையில் மழை பெய்தால் வாரத்தில் நிறையும், இல்லாவிட்டால் ஆண்டில் பல மாதம் தரை தெரியும். இப்போது மதகு முன்பள்ளத்தில்தான் தண்ணீர். கொஞ்சத் தண்ணீரில் நிறைய மீன், நிறைய ஆள். தூண்டிலுக்கு இன்று விடுமுறை விடலாம்.

வந்ததற்கு அயிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைக்காரர் கண்மாய் மீன் என்றால் முதலில் நினைப்பது விராலும் அயிரையும்தான். அயிரை விரல் நீளம், மணலும் வண்டலும் கலந்த அடியில் கிடக்கும், ஓடைத் தண்ணீர் மெல்ல நகரும் இடங்களில் கூடும். தூண்டிலுக்கு வராது. அடர்ந்த கண்ணுள்ள வலைத் துணியையோ பழைய வேட்டியையோ இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடையின் குறுக்கே நிற்க, மூன்றாமவர் மேலே இருந்து மணலைக் காலால் கிளறிக்கொண்டு வருவார். கலங்கிய தண்ணீரோடு அயிரை இறங்கித் துணியில் விழும்.

அயிரையை உயிரோடுதான் வாங்குவதும் விற்பதும். செத்த அயிரை சீக்கிரம் வயிறு உடையும். கழுவும் விதம் தெரியாமல் குழம்பு வைத்தால் ஒவ்வொரு வாயிலும் மணல் கடிபடும். முதலில் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டு, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டும். பிறகு தேங்காய்ப்பாலில் கால் மணி நேரம். பாலைக் குடித்து வயிற்று மண்ணைக் கக்கும். அதன்பின் சொரசொரப்பான மண்சட்டியில் போட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்புத் தூவி மூடிவிடுங்கள். அடங்கியதும் கையால் வட்டமாக உரசினால் வழுவழுப்பு நுரையாகக் கழன்று வரும். தண்ணீர் தெளியும்வரை ஆறேழு தடவை அலசவும். வயிறு கீறுவது, தலை கிள்ளுவது எதுவும் கிடையாது, முழுசாகவே குழம்புக்கு. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்தபின்தான் அயிரையைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி விடக்கூடாது, சட்டியைத் தூக்கி ஒரு சுழற்று. ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம்.

நான்காம் நாள், திங்கள்: வைகை அணை

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1959-இல் காமராஜர் முதல்வராக இருந்தபோது திறந்த அணை. கட்டடத்தின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி. மழைக்காலத்தில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அந்த நாட்களில் ஆற்றுப்படுகையில் தூண்டில் போட நினைக்கவே கூடாது. மதகு திறந்தால் தண்ணீர் நடந்து வராது.

வருசநாட்டு மலையிலிருந்து வரும் வைகையும், 1895-இல் பென்னிகுவிக் முடித்த பெரியாறு அணையின் நீரைச் சுமந்து வரும் முல்லையாறும் சேர்ந்தே இங்கே நுழைகின்றன. அதனால் சுற்றியுள்ள கண்மாய் வறண்டாலும் இங்கே தண்ணீர் நிற்கும், மீனும் பெருக்கும். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, வாளை, கெளுத்தி எல்லாம் உண்டு. எண்ணிக்கையில் ஜிலேபிதான் ராஜா.

அனுமதி இங்கே இன்னும் கறார். அணைச் சுவர், மதகு, தண்ணீர் வெளியேறும் பகுதி பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது. நீர்த்தேக்கத்தில் வலை போடுவது உரிமம் பெற்ற பரிசல்காரர்களின் பிழைப்பு. தண்ணீரில் தெர்மகோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அதன் கீழே வலை தொங்குகிறது என்று அர்த்தம், அதன் குறுக்கே எறியாதீர்கள். முள் வலையில் சிக்கினால் உங்கள் நரம்பைவிட அவர் வலை கிழிவதுதான் பெரிய நட்டம். கரையில் பரிசல் ஒதுங்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை, இடமும் அவர்களே காட்டுவார்கள்.

அணையில் மடையும் கலுங்கும் கையெட்டும் தூரத்தில் இல்லை, அதனால் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும்: மட்டம், காற்று. அணை நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது. மூன்று நாள் எண்ணை எழுதிப் பாருங்கள். மட்டம் ஏறினால் புதிதாக மூழ்கிய புல்தரைக்குக் கெண்டை வரும், கரையோரமே போடலாம். வேகமாக இறங்கினால் மீன் ஓரத்தை நம்பாது, பழைய ஓடைப் பள்ளத்துக்கு நகரும், தூர எறிய வேண்டும். நிலையாக நின்றால் காற்றைப் பாருங்கள். காற்று எந்தக் கரையில் அலையடிக்கிறதோ அங்கேதான் மேல்மட்ட நுண்பாசியும் பூச்சியும் ஒதுங்கும், கட்லாவும் பின்னாலேயே வரும். எதிர்க்காற்றில் எறிவது சிரமம் என்று எல்லோரும் அமைதியான கரையில் உட்காருகிறார்கள். சும்மா உட்கார அது நல்ல இடம்தான். ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்குக் காற்று இறங்கும்போது மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், நிற்கவே முடியாது.

மூன்று கெண்டையும் மூன்று மாடியில் குடியிருக்கின்றன. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில். மிர்கால் அடியில். ஒரே மாவுதான், ஆழம்தான் வித்தியாசம்.

மாவு: தவிடு 2 பங்கு, கடலைப் பிண்ணாக்குத் தூள் 1, மைதா 1, வறுத்துப் பொடித்த சோம்பு ஒரு ஸ்பூன். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும், ஊற்றக்கூடாது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் வெடிக்க வேண்டும். எறிவதற்கு முன் ஒரு உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் உதிரத் தொடங்கி, கால் மணியில் பாதியாகியிருந்தால் சரி. கல் மாதிரி கிடந்தால் மைதா அதிகம், கட்லா வராது. எறியும்போதே காற்றில் பிரிந்தால் மைதா குறைவு. அணையில் உருண்டை பறந்து போவதை உணராமல் வெறும் முள்ளை மணிக்கணக்கில் காவல் காப்பவர்கள் உண்டு.

கட்லாவுக்குச் சுருள் கம்பியைச் சுற்றி எலுமிச்சை அளவு உருண்டை. கம்பியிலிருந்து மூன்று அங்குல நூலில் நான்கு முள், எண் 4. முள்ளை உருண்டையின் ஓரத்தில் லேசாகப் புதைக்கவும். மேலே பெரிய தக்கை, உருண்டை நான்கடி ஆழத்தில் தொங்கட்டும். கட்லா உருண்டையை விழுங்குவதில்லை, உதிரும் துகளை உறிஞ்சும். முள்ளும் துகளோடு போய் உதட்டில் ஏறும். தக்கை அடியில் போவதைவிட மேலே எழும்பிச் சாய்வதே அடிக்கடி நடக்கும், அதுவும் கடிதான். மிர்காலுக்குத் தக்கை வேண்டாம். 50 கிராம் ஓட்டை ஈயத்தை நரம்பில் ஓடவிட்டு, கீழே நரம்பு முறுக்காமல் சுழலும் ஒரு சுழலி, அதற்குக் கீழே எட்டு அங்குல நரம்பும் முள்ளும் கட்டித் தரையில் கிடத்தவும். ஈயம் ஓடாமல் இறுகியிருந்தால் மீன் கனத்தை உணர்ந்து விட்டுவிடும்.

ரீலின் ட்ராக்கை, அதாவது நரம்பு எந்த இழுப்பில் நழுவ வேண்டும் என்ற இறுக்கத்தை, அளந்து வைப்பது முக்கியம். நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கு போதும். 8 கிலோ தாங்கும் நரம்பென்றால் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை நுனியில் மாட்டி இழுத்து, 2 கிலோவில் நரம்பு நழுவும்படி திருகவும். கட்லா முதல் ஓட்டத்தில் நாற்பது, ஐம்பது மீட்டர் போகும். இறுக்கி நிறுத்தப் பார்த்தால் உதடு கிழியும், அதன் உதடு மெத்து. கம்பைச் சாய்வாகத் தூக்கிப் பிடித்து, ஓடும்போது விட்டு, திரும்பும்போது சுற்றுங்கள். கைவலையை முதலிலேயே தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, தலை முதலில் வரும்படி மீனை அதன்மேல் கொண்டுவர வேண்டும். வலையைத் தூக்கிக்கொண்டு மீனைத் துரத்தினால் கடைசி ஓட்டத்தில் போய்விடும்.

கெளுத்தி மாட்டினால் அவசரப்படாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், அவை நிமிர்ந்தபடி பூட்டிக்கொள்ளும். கையை வயிற்றுப் பக்கம் கொடுத்து, பக்க முட்களுக்குப் பின்னால் இரு விரலால் கவ்வ வேண்டும். கெளுத்தி இனத்துத் தேளி மீன் குத்தினால் விஷம் உண்டு, கை தோள்வரை கடுக்கும். பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தாலும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீசை நீண்டு, தலை தட்டையாகி, மார்பிள் பூச்சுப்போல் தெரியும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட மீன் அது, உள்ளூர் மீன் குஞ்சை எல்லாம் தின்று தீர்க்கும்.

இந்த வெயிலில் பிடித்த மீனைச் சாக்கில் போட்டு மதுரைக்குக் கொண்டுவருவது வீண். செவுளை அறுத்து ரத்தம் வடித்து, குடலை எடுத்து, மீன் எடைக்குச் சமமாக ஐஸ். ஆண்டிபட்டியிலேயே ஐஸ் வாங்கிக்கொள்ளலாம். மண்வாடை பிடிக்காதவர்கள் தோலையும் பக்கவாட்டுக் கருஞ்சதையையும் நீக்கி, மோரிலோ புளித்தண்ணீரிலோ அரைமணி ஊறவைத்தால் வாடை அடங்கும்.

திரும்பும் வழியில் ஆற்றில் தண்ணீர் இல்லை. சித்திரையில் அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து திறந்துவிடுவார்கள். அப்போது ஆற்றுப் பள்ளங்களில் இரண்டு வாரம் பொடிமீன் தூண்டிலுக்கு வேலை இருக்கும்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: மேலூர்ப் பக்கம், கண்மாய் அழிப்பு

மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, நத்தம் வட்டாரத்தில் மாசி முதல் வைகாசி வரை ஊர் ஊராகக் கண்மாய் அழிப்பு நடக்கும். மீன்பிடித் திருவிழா என்று செய்தித்தாளில் வருவது இதுதான். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்துச் சுற்று ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். விடியும் முன்னே கரை முழுக்க ஆள். சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கும். அதற்கு முன் ஒருவர் காலை நனைத்தாலும் கூச்சல் கிளம்பும். பிடித்ததை விற்பது பல ஊர்களில் வழக்கமில்லை, வீட்டுக் குழம்புக்கும் சொந்தக்காரருக்கும்தான்.

தூண்டிலுக்கு இங்கே இடமில்லை. ஊத்தாதான் ஆயுதம்: மூங்கில் குச்சியால் கூம்பாகப் பின்னிய கூடை, அடியும் மேலும் திறப்பு. அடி இரண்டடி அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. கலங்கலில் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. அடிக்கு ஒரு முறை 'சரக்' என்று சேற்றில் அழுத்தி, ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டும், அந்த அதிர்வு கைக்கு வரும். பிறகு ஊத்தாவை இன்னும் அழுத்தி, மேல்வாயில் கையை விட்டுச் சுவரோரம் துழாவவும். கெண்டை துள்ளும், ஜிலேபி சுற்றும். விரால் அசையாது, சேற்றுக்குள் தலையை நுழைத்துப் படுத்துக்கொள்ளும். காலியென்று தூக்கிய ஊத்தாவில் பாதியில் விரால் இருந்திருக்கும். செவுளுக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும், நடுவில் பிடித்தால் சோப்பு மாதிரி நழுவும்.

கூட்டத்தின் நடுவே தண்ணீர் தடித்த பிறகு, எட்டு மணிக்கு மேல், மீன் மூச்சுக்காக ஓரத்துக்கும் மேலுக்கும் வரும். வீச்சு வலைக்காரர்களுக்கு அந்த நேரம். கருவேல முள்ளும் வேர்க்கட்டையும் உள்ள பக்கம் வலை வீசினால் அன்றைய வருமானம் வலை தைக்கவே போகும். காலுக்கு ரப்பர் செருப்பு உதவாது, சேறு உறிஞ்சிக்கொள்ளும். கயிறு இறுக்கிக் கட்டிய பழைய கான்வாஸ் ஷூ நல்லது. வலையில் நீளமாக ஒன்று நெளிந்தால் பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு, விஷமில்லை, ஆனால் கடிக்கும். கரைப் புல்லில் அந்தி நேரத்தில் கிடப்பது கண்ணாடி விரியனாக இருக்கலாம், அங்கே டார்ச்சில்லாமல் நடக்கக்கூடாது. கார்பன் கம்பு வைத்திருப்பவர்கள் கண்மாய்க்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு விரிக்க வேண்டும், அந்தக் கம்பு மின்சாரம் கடத்தும்.

விராலைச் செதில் எடுக்கும் முன் அடுப்புச் சாம்பலில் புரட்டி, சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வழுவழுப்பும் கறுப்பும் ஒன்றாகப் போகும். குழம்புக்கு நடுத்துண்டு, வறுவலுக்கு வால்.

மதியம் எல்லோரும் போன பிறகும் ஒரு மணி நேரம் நிற்பது பலன் தரும். தண்ணீர் வடிந்த கண்மாய் இப்போது முழு உடலையும் காட்டிக்கொண்டு கிடக்கிறது: மடைக்கு முன் கசம் எத்தனை கஜம், பழைய ஓடை எந்தப் பக்கம் வளைகிறது, வேர்க்கட்டை எங்கே, கரம்பைக் குழி எங்கே. கரையில் நகராத ஒன்றை, ஒரு பனை, மடைக்கல், கோயில் சுவர், அடையாளம் வைத்து அங்கிருந்து அடி எண்ணிச் செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் இதே கரையில் நின்றால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். இங்கே கசம் இரண்டாவது பனையிலிருந்து இடதுபுறம் முப்பத்தைந்து அடி, அதன் வலது விளிம்பில் ஒரு வேர்க்கட்டை.